"எட்டு மணி இருக்கும்" என்றுதான் அவர் சொன்னார்

கூண்டில் ஏறிய சாட்சி, "அப்ப ஒரு எட்டு மணி இருக்கும்" என்றார். வாக்குமூலத்தில் ஏறியது "இரவு 8 மணிக்குப் பார்த்தேன்" என்று. நடுவில் அந்த 'இருக்கும்' எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை, அவரைச் சாட்சியாக அழைத்த நானும்தான். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் சாவகாசமாக ஒரு தாளை நீட்டினார்: "உங்களுக்கு போன் வந்ததே 8.25க்கு, அதற்கப்புறம்தானே வீட்டை விட்டே கிளம்பினீர்கள்?" சாட்சி திருதிருவென்று விழித்தார். பொய் எதுவும் சொல்லாத மனிதர், பொய்யர் போல நின்றார்.

நம் பேச்சில் 'ஒரு', 'இருக்கும்', 'போல' எல்லாம் தோராயத்தைச் சொல்பவை. எழுதும்போதோ மொழிபெயர்க்கும்போதோ முதலில் உதிர்வது அவைதான்.

இதைவிட வில்லங்கமானது 'ஆமாம்'. "நீங்கள் அவரைத் தடுக்கவில்லையா?" என்று கேட்டால் தமிழில் "ஆமாம்" என்பதற்கு "ஆமாம், தடுக்கவில்லை" என்று பொருள். அதையே ஆங்கிலத்தில் 'யெஸ்' என்று மட்டும் எழுதிவிட்டால், படிப்பவர் "தடுத்தேன்" என்று எடுத்துக்கொள்வார். சரி, "இல்லை" என்று சொல்லித் தப்பிக்கலாமா? அதுவும் இரண்டு பக்கமும் சாயும். அதனால் என் சாட்சிகளிடம் நான் சொல்வது, எதிர்மறையில் கேள்வி வந்தால் ஒற்றைச் சொல்லில் பதில் வேண்டாம், "தடுத்தேன்" அல்லது "தடுக்கவில்லை" என்று வினைச்சொல்லோடு முடியுங்கள். இன்னொன்று, கேள்வி ஓடிக்கொண்டிருக்கும்போதே "ம்", "சரி" என்று தலையாட்டாதீர்கள், கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று நீங்கள் சொல்வது ஒப்புக்கொண்டதாகிவிடும்.

கேள்வியின் சொல் நினைவுக்குள்ளேயே புகுந்துவிடும் என்பதை உளவியல் ஆய்வாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் 1974இல் காட்டினார்கள். கார்கள் மோதும் படத்தைப் பார்த்த 150 பேரில் 50 பேரிடம் கார்கள் 'நொறுங்க மோதியபோது' என்ன வேகம் என்றும், வேறு 50 பேரிடம் வெறுமனே 'இடித்தபோது' என்றும் கேட்டார்கள், மீதிப் பேரிடம் வேகத்தைப் பற்றிக் கேட்கவேயில்லை. ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது முதல் குழுவில் 16 பேர் பார்த்தோம் என்றார்கள், இரண்டாவதில் 7 பேர். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை.

தமிழில் இதற்கு ஒரு 'ஐ' போதும். "கத்தி ஏதும் பார்த்தீர்களா?" என்பது திறந்த கேள்வி. "கத்தியைப் பார்த்தீர்களா?" என்றால் கத்தி இருந்தது முடிவாகிவிட்டது, நீங்கள் பார்த்தீர்களா என்பது மட்டும்தான் பாக்கி. "அந்தக் கத்தியை" என்றால் கேட்கவே வேண்டாம். குறுக்கு விசாரணையில் இப்படிக் கேட்க எங்களுக்கு உரிமை உண்டு, நானும் கேட்பேன், அதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் கேள்வி பதில் இரண்டையும் சேர்த்துச் சாட்சியே சொன்னது போலக் கோவையாக எழுதும் இடங்களில், வக்கீலின் 'அந்த' சாட்சியின் 'அந்த' ஆகிவிடுகிறது. அதனால் கையெழுத்துப் போடும் முன் நிதானமாகப் படியுங்கள், அல்லது படித்துக் காட்டச் சொல்லுங்கள். 'சுமார்' விடுபட்டிருந்தால் அங்கேயே கேளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்தாலும் பரவாயில்லை.

அன்று குறுக்கு விசாரணை முடிந்து என் முறை மீண்டும் வந்தபோது, மறு விசாரணையில் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "கடிகாரம் ஏதும் பார்த்தீர்களா?"

"இல்லீங்க ஐயா, குத்துமதிப்பா சொன்னேன்."

இந்த முறை அதை அப்படியே எழுதினார்கள்.