நிமித்த விலங்கு: சொல் விளக்கம்

கால்பந்து உலகக் கோப்பை நெருங்கினால் போதும், ஏதாவது ஒரு விலங்குக்காட்சிசாலையில் ஒரு யானையோ குரங்கோ இரண்டு கொடிகளுக்கு நடுவே நிற்கும். அது எந்தப் பக்கம் போகிறதோ அந்த அணிக்கே வெற்றி என்பார்கள். ஆங்கிலத்தில் இப்படிப்பட்ட விலங்கு 'அனிமல் ஆரக்கிள்'. தமிழில் 'ஆக்டோபஸ் ஜோதிடம்', 'ஆரூடம் சொன்ன யானை' என்றெல்லாம் எழுதுகிறோம். எனக்கு இவை பொருந்துவதாகப் படவில்லை.

'ஆரக்கிள்', பேசுதல், வேண்டுதல் என்று பொருள்படும் 'ஓராரே' என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. பழைய கிரேக்கத்தின் டெல்பி கோயிலில் பித்தியா என்ற பூசாரிப் பெண் வாய்திறந்து சொன்னாளே, அதுதான் ஆரக்கிள். நம் அருள்வாக்கு அதற்குச் சரியான இணை. ஜோதிடத்துக்கு வேர் 'ஜோதிஸ்', அதாவது ஒளி; கோள்களைக் கணக்கிடுவது அது. ஆரூடமும் ராசியை வைத்துப் பலன் சொல்லும் முறைதான். விலங்கு பேசுவதுமில்லை, கணக்குப் போடுவதுமில்லை.

ஜெர்மனியின் ஓபர்ஹவுசன் நகரில் இருந்த பால் என்ற ஆக்டோபஸையே பாருங்கள். கொடி ஒட்டிய இரண்டு கண்ணாடி போன்ற பெட்டிகள், உள்ளே பெட்டிக்கு ஒரு சிப்பி. எந்தப் பெட்டிச் சிப்பியை முதலில் தின்கிறதோ அந்த நாடு ஜெயிக்கும். 2010 உலகக் கோப்பையில் எட்டு ஆட்டங்களுக்கு எட்டும் சரியாக அமைந்தது. காசு சுண்டினால் அப்படி அமைய 256-இல் ஒரு வாய்ப்பு. அது தேர்ந்த ஜெர்மனி, செர்பியா, ஸ்பெயின் மூன்றின் கொடிகளிலும் கிடைக்கோட்டுப் பட்டைகள்தான் என்பதையும் சிலர் கவனித்தார்கள். பால் செய்ததெல்லாம் சாப்பிட்டது மட்டுமே. பொருள் சொன்னது சுற்றி நின்றவர்கள்.

ரோமானியர்களிடமும் இதே முறை இருந்தது. போருக்குமுன் புனிதக் கோழிகளுக்குத் தீனி போட்டு, ஆவலாகக் கொத்தினால் நல்ல சகுனம் என்றார்கள். இதை 'ஆஸ்பிசியம்' என்றார்கள்: 'அவிஸ்' பறவை, 'ஸ்பெசெரே' பார்த்தல். பழந்தமிழில் இதற்குப் 'புள்' என்றே பெயர். பறவைக்கும் அதுதான் சொல், பறவையால் அறியும் சகுனத்துக்கும் அதுதான் சொல். ஆக்டோபஸைப் புள் என்று சொல்ல முடியாதே! அங்கேதான் தொல்காப்பியம் கைகொடுக்கிறது: 'நாளும் புள்ளும் பிறவற்றின் நிமித்தமும்'. பறவையல்லாத பிறவற்றுக்கு நிமித்தம். வடசொல்தான், ஆனால் அவ்வளவு காலமாக நம்மிடம் புழங்குகிறது.

இன்னும் நெருக்கமான ஒரு சொல்லும் உண்டு: விரிச்சி. முல்லைப்பாட்டில் முதிய பெண்கள் நற்சொல் கேட்கக் காத்து நிற்கிறார்கள். ஓர் ஆயர் பெண், குளிரில் நடுங்கும் தோள்களைக் கட்டிக்கொண்டு, தாயைத் தேடித் தவிக்கும் கன்றிடம் 'இதோ வந்துவிடுவார்கள் உன் தாய்மார்' என்கிறாள். போருக்குப் போன தலைவன் திரும்புவான் என்பதற்கு அதையே நற்குறியாக எடுத்துக்கொள்கிறார்கள். கன்றைத் தேற்றியவளுக்குத் தான் குறி சொன்னதே தெரியாது. ஆக்டோபஸ் பாலின் நிலையும் அச்சாக இதுதான். ஆனால் விரிச்சிக்கு வாய்ச்சொல் வேண்டும் என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

ஆகவே விலங்குக்கு 'நிமித்த விலங்கு', அதைப் பார்த்துப் பலன் சொல்பவருக்கு 'நிமித்திகர்'. வாக்கியத்தில் வைத்தால் இப்படி வரும்: '2010 இறுதிப்போட்டியில் ஸ்பெயினுக்கு நிமித்தம் காட்டியது ஆக்டோபஸ்'. 'சொன்னது' வேண்டாம், 'காட்டியது' போதும்.