‘வாசனை நிலக்காட்சி’ என்றால் என்ன?

“அழுகிய முட்டையின் நறுமணம் பயணிகளை அன்புடன் வரவேற்கிறது.” நியூசிலாந்தின் ரோட்டோருவா நகரைப் பற்றிய ஒரு பயணக் கட்டுரையின் மொழிபெயர்ப்பில் இருந்த வரி இது. மெய்ப்புப் பார்க்க என்னிடம் வந்தது. சிரித்துவிட்டு விட்டிருப்பேன். அடுத்த வரி விடவில்லை: “இந்நகரின் வாசனை நிலக்காட்சி தனித்துவமானது.” இந்த வாசனை நிலக்காட்சி என் கையில் மாட்டுவது இது நாலாவது தடவை.

மூலச்சொல் ‘ஸ்மெல்ஸ்கேப்’. டக்ளஸ் போர்டியஸ் என்ற புவியியலாளர் 1985இல் தன் கட்டுரை ஒன்றுக்கு இதைத் தலைப்பாக வைத்தார். ஓர் ஊரைக் கண்ணால் மட்டுமா அறிகிறோம், மூக்காலும்தானே என்பது அவர் கேள்வி. ஓர் இடத்துக்கே உரிய நல்லதும் கெட்டதுமான மணங்கள் அத்தனையும் சேர்ந்ததுதான் ஸ்மெல்ஸ்கேப். ‘லேண்ட்ஸ்கேப்’ போலச் செய்த சொல். லேண்ட்ஸ்கேப் டச்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. டச்சில் அதற்கு முதலில் நிலப்பகுதி என்றுதான் பொருள். ஓவியர்கள் கைக்குப் போன பிறகுதான் ‘காட்சி’ ஒட்டிக்கொண்டது. சொல் வரலாறு இவ்வளவு போதும்.

இப்போது மொழிபெயர்ப்பைப் பாருங்கள். மூக்குக்கு உரிய ஒன்றைச் சொல்லப் பிறந்த சொல்லில் கண்ணைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். ஒரு நண்பரிடம் புலம்பியபோது அவர் மறுத்தார். தருக்க நூல்களில் ‘காட்சி’ என்றால் கண்ணால் காண்பது மட்டுமல்ல, ஐம்புலன்களாலும் நேரே அறிவது எல்லாம் காட்சிதான் என்றார். சரி, உண்மைதான். ஆனால் பயணக் கட்டுரை படிப்பவர் தருக்க நூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டா படிக்கிறார்? நிலக்காட்சி என்றதும் அவருக்கு மலையும் ஏரியும்தான் தோன்றும். அதன் முன்னால் வாசனையை ஒட்டினால், பூந்தோட்டத்தை வரைந்த படம் என்று நினைப்பார். ரோட்டோருவாவில் நிலத்தடி வெப்பத்தோடு வெளியே வரும் ஹைட்ரஜன் சல்பைடு மூக்கைத் துளைப்பது அவருக்கு எப்படித் தெரியும்?

அடுத்த தப்பு ‘வாசனை’. அது வடமொழிச் சொல் என்பதற்காக நான் சண்டைக்கு வரவில்லை. ‘படிப்பு வாசனையே இல்லாதவன்’ என்று சொல்லும் மொழியில் அது எப்போதோ குடியுரிமை வாங்கிவிட்டது. சிக்கல் அதன் சாய்வில் இருக்கிறது. வாசனைத் திரவியம், வாசனைப் பொடி, வாசனைச் சோப்பு என்று வாசனை தனியாக வந்தால் நல்ல பக்கம்தான் நிற்கும். கெட்டதைச் சொல்ல வேண்டுமென்றால் ‘கெட்ட வாசனை’ என்று அடைமொழி கொடுத்தாக வேண்டும்.

நாற்றத்துக்கு நடந்தது இதன் தலைகீழ். ‘நாறு’ என்ற வினைக்கு மணத்தல் என்பதே பொருள். நறுமணத்தில் உள்ள ‘நறு’வும் அந்தக் குடும்பம்தான். “முகைமொக்குள் உள்ளது நாற்றம்போல்” என்று குறள் சொல்வது மொட்டுக்குள் அடங்கிய மணத்தை. படித்ததை எடுத்துச் சொல்லத் தெரியாதவரை “நாறா மலர்” என்று வள்ளுவர் திட்டுகிறார். இன்றைய காதுக்கு அது பாராட்டுப் போலக் கேட்கிறது! “கருப்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ” என்று ஆண்டாள் சங்கைக் கேட்டதும் அந்தப் பொருளில்தான். ‘துர்நாற்றம்’ என்ற சொல்லே இதற்குச் சாட்சி. நாற்றம் பிறவியிலேயே கெட்டதென்றால் ‘துர்’ எதற்கு?

இதை வைத்துத்தான் தனித்தமிழ் அன்பர்கள் சிலர் ‘நாற்றவெளி’ என்கிறார்கள். என் மனமும் அந்தப் பக்கம் சாய்கிறது, ஆனால் ஏற்க முடியவில்லை. பிரான்ஸின் கிராஸ் நகரை எடுத்துக்கொள்ளுங்கள். மல்லிகைக்கும் ரோஜாவுக்கும் பெயர் வாங்கிய ஊர். அந்த வட்டாரத்தின் நறுமணத் தொழிற்கலையை 2018இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதை ‘உலகப் புகழ்பெற்ற நாற்றவெளி’ என்று எழுதினால் படிப்பவர் மூக்கைப் பொத்திக்கொள்வார். இழந்த பொருளை ஒரு கலைச்சொல்லை வைத்து மீட்டுவிட முடியாது. 1858 கோடையில் தேம்ஸ் ஆற்றுச் சாக்கடை நாறி, நாடாளுமன்றத்துத் திரைச்சீலைகளைக் குளோரின் சுண்ணாம்பில் நனைத்துத் தொங்கவிட்டார்களே, அதற்குப் ‘பெருநாற்றம்’ என்று பெயரிடுங்கள், கச்சிதமாகப் பொருந்தும்.

ஆனால் அதே கிராஸ்தான் நமக்கு நடுநிலையான ஒரு சொல் வேண்டும் என்பதையும் காட்டுகிறது. அது முதலில் தோல் பதனிடும் ஊர். பதனிட்ட தோலின் வீச்சம் போகக் கையுறைகளுக்கு மணமேற்றத் தொடங்கி, கடைசியில் தோலை விட்டுவிட்டு மணத்தையே தொழிலாக்கிக்கொண்டது. ஒரே ஊர், இரண்டு மணம். மொரோக்கோவின் ஃபெஸ் நகரத்துத் தோல் பட்டறைகளில் இந்த இரண்டும் ஒரே மூச்சில் வரும். கீழே தொட்டிகளில் சுண்ணாம்பும் புறா எச்சமும் கரைத்த நீரில் தோல் ஊறுகிறது. எச்சத்தின் அமோனியா தோலை மென்மையாக்கும். மேலே மாடத்தில் நிற்கும் பயணியின் கையில் ஒரு கொத்துப் புதினாவைக் கொடுக்கிறார்கள். அவர் அதைக் கசக்கி மூக்கடியில் வைத்தபடி எட்டிப் பார்க்கிறார். அந்த நிமிடத்தில் அவர் முகர்வதை நறுமணம் என்பதா, துர்நாற்றம் என்பதா?

‘மணவெளி’ என்று சொல்லலாமே என்பீர்கள். மணமேடை, மணப்பந்தல், மணமகள் என்று ‘மண’ முன்னால் வந்தாலே மேளச் சத்தம் கேட்டுவிடுகிறது. மணச்சுற்றுலா என்ற தலைப்பைப் பார்த்து, புதுமணத் தம்பதிக்கான விளம்பரம் என்று நான் தாண்டிப் போயிருக்கிறேன். ‘வாசவெளி’யும் உதவாது, வனவாசம் போல அது குடியிருப்பின் பக்கம் போய்விடும்.

மிச்சம் இருப்பது ‘வாடை’. மருந்து வாடை, மீன் வாடை, பெட்ரோல் வாடை, பூ வாடை என்று எதோடும் சேரும். கொஞ்சம் கெட்ட பக்கம் சாயும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நாற்றம் அளவுக்குச் சாயாது. வடக்கிலிருந்து வீசும் காற்றுக்கும் வாடை என்றே பெயர் இருப்பது எனக்குக் கூடுதல் மகிழ்ச்சி, மணம் காற்றோடு வருவதுதானே. ஆக, என் பரிந்துரை ‘ஊர்வாடை’. ரோட்டோருவாவின் ஊர்வாடை கந்தகம். கிராஸின் ஊர்வாடை மல்லிகை. உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் சுட்ட களிமண்ணை வாலையில் வடித்து, மழை பெய்த மண்ணின் மணத்தைச் சந்தன எண்ணெயில் பிடித்து அத்தராக விற்கிறார்கள். அங்கே ஊர்வாடையைக் குப்பியில் வாங்கிப் போகலாம். இந்த மண்வாசனைக்கும் 1964இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் இருவர் ‘பெட்ரிக்கோர்’ என்று பெயர் வைத்தார்கள். உடனே நம்மவர்கள் கைவசம் இருக்கும் மண்வாசனையைத் தூக்கிப் போட்டுவிட்டு ‘பெட்ரிக்கோர் நறுமணம்’ என்று எழுத ஆரம்பித்துவிட்டார்கள்.

மொழிபெயர்ப்பாளர்களை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. சுற்றுலா என்று வந்துவிட்டால் எதையும் கெட்டது என்று எழுதக் கூடாது என்றொரு பயம் எல்லோருக்கும் இருக்கிறது. எல்லா ஊரும் ‘எழில் கொஞ்ச’ வேண்டும், எல்லாக் காற்றும் ‘வருட’ வேண்டும். கவிச்சி, முடை, வீச்சம், காந்தல், ஊசல் என்று மூக்குக்குத் தமிழில் எத்தனை சொல் உண்டு! ஒன்றாவது பயணக் கட்டுரைக்குள் வருகிறதா? முட்டை அழுகினாலும் நறுமணம்தான்.

அந்த மெய்ப்பில் ‘நறுமணம்’, ‘வாசனை நிலக்காட்சி’ இரண்டையும் அடித்து, ‘ரோட்டோருவாவின் ஊர்வாடை அழுகிய முட்டை வாடை’ என்று திருத்தி அனுப்பினேன். அச்சாகி வந்ததில் ஊர்வாடை அப்படியே இருந்தது. அதற்கு முன்னால் ‘இனிய’ என்று யாரோ சேர்த்திருந்தார்கள்.