வெள்ள நிவாரணம்: வீட்டைக் கழுவுவதற்கு முன்பு படியுங்கள்

2024 டிசம்பர் 2 அன்று சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் வந்தபோது தென்பெண்ணைக் கரை ஊர்கள் பல மூழ்கின. அரசு அறிவித்தது: விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சியில் குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய், சேதமான குடிசைக்கு 10,000, செத்த மாட்டுக்கு 37,500, நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000, உயிரிழப்புக்கு 5 லட்சம். அடுத்த வெள்ளத்தில் தொகை மாறலாம். அலைக்கழிப்பு மாறாது.

பட்டியலில் பெயர் ஏறினால்தான் பணம். அந்தப் பட்டியல் தண்ணீர் வடிந்த சூட்டோடு எழுதப்படுகிறது, சிக்கலே அங்கேதான். மண்சுவர் பல நேரம் வெள்ளத்தில் விழாது. ஊறி நின்று, வெயில் பட்ட பிறகு பிளந்து சாயும். அதற்குள் வந்து பார்த்த அலுவலர் 'பகுதிச் சேதம்' என்று எழுதிக்கொண்டு போயிருப்பார். சுவர் விழுந்த அன்றே படம் எடுத்து, மறு ஆய்வு கேட்டு மனு கொடுங்கள். சேற்றைக் கழுவுமுன் சுவரில் தண்ணீர் நின்ற கோட்டையும், அதன் பக்கத்தில் வீட்டு ஆள் ஒருவரையும் சேர்த்துப் படமெடுங்கள்.

வீட்டுச் சேத விதியில் 'அங்கீகரிக்கப்பட்ட கட்டுமானம்' என்று ஒரு கொக்கி இருக்கிறது. ஆற்றுப் புறம்போக்கில் தலைமுறையாகக் குடியிருப்பவர்களை இதைச் சொல்லியே திருப்பி அனுப்புகிறார்கள். வீட்டு வரி வாங்கும்போது யாரும் பட்டா கேட்டதில்லை! அந்த ரசீதையும் மின் கட்டண ரசீதையும் மனுவோடு இணையுங்கள். வீடு இரண்டு நாளுக்கு மேல் கடுமையாக மூழ்கினால் துணிமணிக்கு 2,500, பாத்திரத்துக்கு 2,500 என்று 2022–26 பேரிடர் நிவாரண விதியில் இருந்தது. அதற்குப் பட்டா நிபந்தனை இருக்கவில்லை. கேட்காவிட்டால் யாரும் சொல்லவும் மாட்டார்கள்.

பயிர் நிவாரணத்துக்குக் குறைந்தது 33 சதவீதச் சேதம் வேண்டும். வடிந்த மறுநாள் பயிர் பச்சையாகத்தான் நிற்கும். வேர் அழுகுவது பிறகு. அப்போது இதற்கும் மறு ஆய்வு கேளுங்கள். வயலில் 3 அங்குலத்துக்கு மேல் மணல் ஏறியிருந்தால் அதை அகற்றத் தனி உதவி உண்டு. அளவுகோலை மணலில் செருகிப் படமெடுங்கள். குத்தகைக்காரர்கள் அடங்கலில் (கிராமப் பயிர்க் கணக்குப் பதிவேட்டில்) தங்கள் பெயர் இருக்கிறதா என்று விதைக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பாடுபட்டது ஒருவர், பணம் வாங்குவது பட்டாதாரர் என்று ஆகிவிடும்.

செத்த மாட்டைக் கால்நடை மருத்துவர் பார்க்காமல் புதைக்காதீர்கள். நாற்றம் தாங்கவில்லை என்றால் காதில் உள்ள அடையாள வில்லை தெரியப் படமாவது எடுத்துவிடுங்கள். சொல்லவே மனம் வரவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும்: வெள்ளத்தில் இறந்தவருக்குப் பிரேதப் பரிசோதனை வேண்டாம் என்று உறவினர் கையெழுத்துப் போட்டுவிட்டால், பிறகு நிவாரணக் கோப்பு நகராது.

"பட்டியல் தாலுகாவுக்குப் போய்விட்டது" என்பார் வி.ஏ.ஓ. "வி.ஏ.ஓ.வைக் கேளுங்கள்" என்பார்கள் தாலுகா அலுவலகத்தில். வாய்வார்த்தையாக எதையும் கேட்காதீர்கள். மனுவை இரண்டு பிரதி எடுத்து, உங்கள் பிரதியில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். போட மறுத்தால் பதிவுத் தபாலில் வட்டாட்சியருக்கு அனுப்பிவிட்டு, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் அதையே கொடுத்து ரசீது பெறுங்கள். அதுவும் அசையவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு உங்கள் கிராமத்தின் பயனாளிகள் பட்டியலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.