வெள்ளைக் கன்று போத்தலுக்குள் மட்டும்தான் ராசாத்தி

செடித் துண்டைப் போத்தலுக்குள் வைத்துக் கன்றாக்கும் இழைய வளர்ப்புதான் எங்கள் வேலை. செத்த கன்றோடு ஆள் வருவது இந்த மாதத்தில் இது மூன்றாவது தரம். கொக்குவிலில் இருந்து வந்த ரீச்சர் அக்கா பையைத் திறந்தார். உள்ளே ஊறின கடதாசி மாதிரி, அழகுக்கு வளர்க்கிற மொன்ஸ்டெராக் கன்று ஒன்று, தண்டு கறுத்துப் போய்.

"போத்தலுக்க வடிவாத்தானே தம்பி நிண்டது? எடுத்து வச்சு ரெண்டு கிழமை, அவ்வளவுதான். இழைய வளர்ப்புக் கண்டு மருந்தில வளந்தது, நிலைக்காது எண்டு சனம் சொல்லுறது சரிதான்."

சரியில்லை அக்கா. கடையில் வாங்குகிற ஓர்க்கிட்டும் அந்தூரியமும் பெரும்பாலும் போத்தலில் பிறந்தவைதான். உங்கள் கன்று செத்தது முழு வெள்ளை என்பதால். பச்சையம் இல்லாததற்குத் தன் சாப்பாட்டைத் தானே சமைக்கத் தெரியாது. போத்தலில் நாங்கள்தான் ஊட்டுகிறோம். கன்று நிற்கிற அந்த ஜெலி, 1962இல் முரசிகே, ஸ்கூக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட கலவை, அதில் லீற்றருக்கு 30 கிராம் சீனி போடுவோம். வெளியே எடுத்த நாளில் இருந்து அதற்குப் பட்டினி. எங்கள் மேசையில் முழு வெள்ளைத் தளிர் வந்தால் வெட்டி எறிந்துவிடுவோம். யாரோ எறியாமல் விலை போட்டு விற்றிருக்கிறார்கள்.

அடுத்த தலையிடி, பச்சையும் வெள்ளையும் கலந்த இலை உள்ள அல்போ என்ற மொன்ஸ்டெரா. "என்ர அல்போவை அப்படியே நூறாக்கித் தாங்கோ" என்பார்கள். அப்படியே வராது. எத்தனை தரம் சொல்வது! அல்போவில் பச்சைக் கலமும் வெள்ளைக் கலமும் ஒரே செடியில் பக்கம் பக்கமாகக் குடியிருக்கின்றன. துண்டு எடுத்துப் பெருக்கினால் பச்சைக் கலத்தில் இருந்து பச்சைக் கன்று, வெள்ளையில் இருந்து வெள்ளை. இரண்டும் கலந்து வந்தால் உங்கள் அதிர்ஷ்டம். அதனால்தான் அல்போவைப் பெரும்பாலும் கணு வெட்டிப் பெருக்குகிறார்கள். "தாய் கொன்ஸ்டலேஷன்" (Thai Constellation) என்ற புள்ளி மொன்ஸ்டெரா வேறு சாதி. அதன் புள்ளிகள் போத்தலிலும் பெரும்பாலும் நிலைக்கும், விலை விழுந்ததும் அதனால்தான். இரண்டையும் ஒன்றென்று சொல்லி விற்பவரிடம் காசை நீட்டாதீர்கள்.

வாங்க முன்னம் தாய்ச் செடியைக் காட்டச் சொல்லுங்கள். போத்தலை விட்டு வந்து இரண்டு மாதமாவது ஆன கன்றைக் கேளுங்கள். இலையில் பச்சை இருக்கா என்று பாருங்கள்.

போத்தலோடு வாங்கியே ஆவேன் என்றால், ஜெலியை ஒரு பொட்டும் விடாமல் கழுவுங்கள். அதில் சீனி, பூஞ்சணத்துக்கு விருந்து. ஈரத் தும்புச்சோற்றில் நட்டு மூடி போட்ட பெட்டிக்குள் வையுங்கள். மூடியை ஒரு நாளில் கழற்றாமல், மூன்று நாலு கிழமையில் கொஞ்சம் கொஞ்சமாகத் திறவுங்கள். முற்றத்து வெயில் வேண்டாம், சோளகக் காற்று அடிக்கிற பக்கம் வேண்டவே வேண்டாம். எங்கள் கிணத்துத் தண்ணி சுண்ணாம்பு, கேத்திலின் அடியைப் பார்த்தாலே தெரியும். மாரியில் பிடித்து வைத்த மழைத்தண்ணியை ஊற்றுங்கள்.

அக்காவிடம் இன்னொரு போத்தல் இருக்கிறதாம், அதுவும் முழு வெள்ளை. திறக்க வேண்டாம் என்றேன். மேசையில் வைத்து வடிவு பாருங்கோ அக்கா, சீனி முடியுமட்டும்.