மூன்று மாதச் சர்க்கரை குறைத்துக் காட்டும்போது

பல வருடங்களாக எச்.ஐ.வி.க்கு ஏஆர்டி (வைரஸை அடக்கிவைக்கும் மருந்து) மாத்திரை எடுப்பவர்கள் அடிக்கடி கேட்பது இது: "வெறும் வயிற்றில் சர்க்கரை 134. ஆனால் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.1 தான். எதை நம்புவது?"

134ஐத்தான். இன்னொரு நாளும் 126 அல்லது அதற்கு மேல் வந்தால் அது நீரிழிவு.

சர்க்கரை ஏன் ஏறுகிறது? வயது, தொப்பை, குடும்ப வரலாறு என்று எல்லோருக்கும் உள்ள காரணங்கள் இவர்களுக்கும் உண்டு. மருந்துக்கு அடங்கிக் கிடக்கும் வைரஸும் உடலில் மெல்லிய அழற்சியை விட்டுவைக்கிறது. அது இன்சுலின் வேலையைக் கெடுக்கும். பழைய மருந்துகளில் இண்டினாவிர், தசைக்குள் குளுக்கோஸ் நுழையும் கதவையே அடைத்தது. ஸ்டாவுடின் கை கால் கொழுப்பைக் கரைத்தது. தங்க இடமில்லாத கொழுப்பு கல்லீரலில் போய்ச் சேர்ந்தது.

இனி எச்பிஏ1சி. குளுக்கோஸ் எந்த நொதியின் உதவியும் இல்லாமல், தானாகவே, மெதுவாக ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியது சிவப்பணு சாகும்வரை, சுமார் 120 நாள், அப்படியே இருக்கும். தெருப்பக்கம் தொங்கும் திரைச்சீலையில் தூசி படிவது போலத்தான். திரையில் எவ்வளவு தூசி என்பது தெருவின் புழுதியை மட்டும் சொல்வதில்லை, திரை எத்தனை நாள் தொங்கியது என்பதையும் சேர்த்தே சொல்கிறது. அடிக்கடி திரையை மாற்றும் வீட்டில், புழுதித் தெருவிலும் திரை வெள்ளையாகவே இருக்கும்.

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குத் தொற்றுகளைத் தடுக்கக் கொடுக்கும் டாப்சோன் செய்வது அதைத்தான். அது சிவப்பணுக்களை ஆயுள் முடியும் முன்பே உடைக்கிறது. மிஞ்சுபவை இளசுகள்; சர்க்கரை ஒட்ட நேரமில்லை. எச்.ஐ.வி. மருந்தான ஜிடோவுடின் எலும்பு மஜ்ஜையில் கைவைத்து அணுக்களைப் பெரிதாக்குகிறது. இன்னொரு எச்.ஐ.வி. மருந்தான அபாகாவிர் எடுப்பவர்களிடமும் எச்பிஏ1சி உண்மையைவிடக் குறைவாக வருவதுண்டு. துப்பு அதே ரத்தப் பரிசோதனைத் தாளில் இருக்கும்: எம்சிவி (சிவப்பணுவின் சராசரிப் பருமன்) 100ஐத் தாண்டியிருந்தால் எச்பிஏ1சியைச் சந்தேகப்படுங்கள். இரும்புச்சத்துக் குறைவு நேர்மாறு, அது கூட்டிக் காட்டும்.

தாளில் 'சராசரி சர்க்கரை 128' என்றும் அச்சாகியிருக்கும். அது தனிப் பரிசோதனை இல்லை. 6.1ஐ 28.7ஆல் பெருக்கி 46.7ஐக் கழித்தது, அவ்வளவே. அந்த வரியை எடுத்துவிட்டால் நல்லது என்பேன். ஒரே தவறு இரண்டு சாட்சிகளாக வந்து நிற்கிறது.

ஆகவே ஏஆர்டி தொடங்கும் முன், தொடங்கியோ மாற்றியோ 3 முதல் 6 மாதத்தில், பிறகு வருடம் ஒருமுறை, எட்டு மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் எடுக்காமல் நரம்பில் ரத்தம் கொடுத்துப் பாருங்கள். விரல்நுனி மீட்டர் கண்காணிக்க உதவும். நோயை உறுதிசெய்ய அது போதாது. இழுபறியாக இருந்தால் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்ப்பது, 200 எல்லை.

சிகிச்சையில் ஒரு சிக்கல். எச்.ஐ.வி. மருந்தான டோலுடெகிராவிர், நீரிழிவு மாத்திரையான மெட்ஃபார்மினைச் சிறுநீரகம் வெளியேற்றும் வழியை மறிக்கிறது. தினம் 50 மி.கி. எடுத்தாலே ரத்தத்தில் சேரும் மெட்ஃபார்மின் சுமார் 79 சதவீதம் கூடுகிறது. இரண்டும் சேரும்போது மெட்ஃபார்மின் நாளுக்கு 1000 மி.கி.யைத் தாண்டாமல் வைப்பது வழக்கம். சிறுநீரகம் பலவீனமென்றால் இன்னும் குறைவு. பின்னாளில் டோலுடெகிராவிரை மாற்றினால் இந்த அளவையும் திரும்பப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் சர்க்கரை மறுபடி ஏறும். சர்க்கரைக்குப் பயந்து ஏஆர்டியை நீங்களாக நிறுத்துவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

ரிடோனாவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தை எடுப்பவருக்குத் திடீரென்று சர்க்கரை எகிறினால், ஆஸ்துமா இன்ஹேலரையும் மூட்டில் போட்ட ஊசியையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். புளூட்டிகசோன், டிரையாம்சினலோன் போன்ற ஸ்டீராய்டுகளைக் கல்லீரல் உடைக்க விடாமல் ரிடோனாவிர் தடுக்கும். இழுத்த சில துளிகள்கூட உடலெங்கும் ஸ்டீராய்டாகத் தேங்கும்.