சின்னக் கார்ப்பெட்டில்தான் கால் இடறும்

இன்டீரியர் வேலைக்காகப் போகும் வீடுகளில் நான் அடிக்கடி பார்ப்பது இது: ஹால் நடுவே டீப்பாய்க்கு அடியில் 3க்கு 5 அடியில் ஒரு கார்ப்பெட். சோபாவின் ஒரு கால்கூட அதைத் தொடாது. வழவழப்பான டைல்ஸ் மேல் அதைப் பிடித்து நிறுத்த அந்த டீப்பாயை விட்டால் வேறு எதுவும் இல்லை. தினமும் பெருக்கித் துடைத்து இழுத்துப் போடுவதில் ஒரு மூலை மேலே சுருண்டுகொள்ளும். இளவயதுக்காரர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். காலைத் தேய்த்து நடக்கும் பாட்டியின் கட்டைவிரல் நேராகப் போய் அந்த மூலையில் மாட்டும். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கோ, தடுக்கிய பிறகுதான் அங்கே கார்ப்பெட் இருப்பதே தெரியும்.

அதனால்தான் வயதானவர்கள் இருக்கும் வீட்டில், வாங்கினால் சரியான அளவில் வாங்குங்கள், இல்லையென்றால் வெறும் தரையே போதும் என்று பிடிவாதமாகச் சொல்கிறேன்.

ஹாலுக்குக் கணக்கு எளிது. சோபாவின் முன்கால்கள் இரண்டும் குறைந்தது அரை அடியாவது கார்ப்பெட்டுக்குள் ஏற வேண்டும். நீளத்தில் சோபாவின் இருபுறமும் அரை அடி வெளியே தெரிய வேண்டும். மூன்று பேர் உட்காரும் சோபா சுமார் 7 அடி. ஆக, கார்ப்பெட்டுக்கு 8 அடி நீளமாவது தேவை. 10க்கு 14 அடி ஹாலில் 6க்கு 9 அளவை, 9 அடிப் பக்கம் சோபாவை ஒட்டி வரும்படி போட்டால் கச்சிதமாக இருக்கும். சோபாவின் கனமே விளிம்பை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். எதிரே நாற்காலிகள் இருந்தால் அவற்றின் முன்கால்களும் உள்ளே வரட்டும்.

கடைக்குப் போகும் முன் பீரோவிலிருந்து ஒரு டபுள் பெட்ஷீட்டை எடுங்கள். 90க்கு 108 அங்குலம் என்றால் 7½க்கு 9 அடி. வேண்டிய அளவுக்கு மடித்து, கார்ப்பெட் வரப்போகும் இடத்தில் விரித்துப் பாருங்கள். அறைக்கு எது பொருந்தும், நடக்கும் வழியில் விளிம்பு எங்கே விழுகிறது என்பது அப்போதே தெரிந்துவிடும். விளிம்பு நடைவழியின் நடுவில் விழுந்தால் அந்த அளவு வேண்டாம்.

படுக்கையறையில் 5 அடி அகலக் கட்டிலுக்கு 6க்கு 9 அளவைக் குறுக்கே போட்டு, கால்மாட்டுப் பக்கம் கட்டிலுக்கு அடியில் செருகினால் இருபுறமும் இரண்டிரண்டு அடி கிடைக்கும். ஆனால் பீரோ கதவு அதன் மேல் உரசுமா என்று முதலில் பார்த்துவிடுங்கள். கட்டிலருகே தனியாக ஒரு சின்ன மேட் போடும் பழக்கம்தான் எனக்குப் பெரிய கவலை. நள்ளிரவில் தூக்கக் கலக்கத்தோடு பாத்ரூமுக்கு எழுந்திருப்பவர், உடம்பின் முழு பாரத்தையும் முதலில் வைப்பது அதன் மேல்தான்.

டைனிங் டேபிளுக்கு நான்கு பக்கமும் 2 அடி கூடுதலாக வேண்டும். நாற்காலியைப் பின்னால் இழுத்தாலும் அதன் பின்கால் கார்ப்பெட்டை விட்டு இறங்கக் கூடாது. 5க்கு 3 அடி மேசை என்றால் 9க்கு 7 அடி. சாம்பாரும் ரசமும் புழங்கும் நம் வீடுகளில் அந்த இடத்தை வெறுமனே விடுவதே மேல் என்பது என் கருத்து. பூஜை விளக்கின் பக்கத்தில் சிந்தெட்டிக் கார்ப்பெட் கூடவே கூடாது.

பவானி ஜமுக்காளத்தை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அது நாலு பேர் வந்தால் விரித்து உட்கார்ந்து, பிறகு சுருட்டி வைப்பதற்கானது. நடக்கும் இடத்தில் நிரந்தரமாகக் கிடந்தால் மடிப்பு விழுந்து நகரும். அப்படிப் போட்டே ஆக வேண்டுமென்றால், அடியில் ரப்பர் வலை மாதிரி விற்கும் ஆன்டி ஸ்லிப் மேட்டைப் போடுங்கள். அதைச் சுற்றிலும் ஓர் அங்குலம் சிறிதாக வெட்டினால் வெளியே தெரியாது. பெரிய கார்ப்பெட்டுக்கும் இது அவசியம். வாக்கர் பிடித்து நடப்பவர் போகும் வழியில் மட்டும் எதையும் விரிக்காதீர்கள்.

இன்னொன்று, கதவு. கதவின் அடிப்பக்கத்துக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளந்து போனில் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கதவு திறக்கும் வளைவுக்குள் கார்ப்பெட் வருகிறதென்றால், அடியில் போடும் மேட்டையும் சேர்த்து அதன் தடிமன் அந்த இடைவெளியைவிடக் குறைவாக இருக்க வேண்டும்.