டிரைவால், ஃபால்ஸ் சீலிங்: தட்டியும் மேற்கட்டியும்

புதிய வணிகக் கட்டடத்தில் உள்வேலை தொடங்கியதும் அடிக்கடி காதில் விழும் சொற்கள் 'டிரைவால்' (சட்டத்தில் பலகை திருகி எழுப்பும் உட்சுவர்), 'ஃபால்ஸ் சீலிங்' (தளத்துக்குக் கீழே தொங்கவிடும் மேல்மறைப்பு) ஆகிய இரண்டும்தாம். முன்னதை 'உலர்சுவர்' என்றும் பின்னதைப் 'பொய்க்கூரை' என்றும் பெயர்த்து எழுதுவோர் உண்டு; இரண்டுமே பொருந்தவில்லை என்பது என் கருத்து.

டிரைவாலில் உள்ள உலர்வு சுவரின் இயல்பன்று, வேலைமுறை. மரப்பட்டிகளின்மேல் ஈரச் சாந்தை அடுக்கடுக்காகப் பூசிவிட்டுக் காயும்வரை காத்திருக்கும் முறைக்கு மாற்றாக, தாளையும் பாரிஸ் சாந்தையும் அடுக்கிச் செய்த பலகைக்கு அமெரிக்காவில் அகஸ்டின் சாக்கெட் 1894-இல் காப்புரிமை பெற்றார். இன்றைய ஜிப்சம் பலகை அதன் வழிவந்ததே. ஈரவேலை குறைந்ததைச் சொல்ல வந்த அடைமொழிதான் 'டிரை'. தமிழில் 'உலர்சுவர்' என்றாலோ வினைத்தொகையாகி, உலர்ந்த, உலர்கின்ற, உலரும் சுவர் என விரிகிறது. அப்படிப் பார்த்தால், பூச்சு முடிந்து காய்ந்துகொண்டிருக்கும் பழைய சுவருக்குத்தான் அந்தப் பெயர் கச்சிதமாகப் பொருந்தும். போதாக்குறைக்கு, ஜிப்சத்தின் எடையில் ஏறத்தாழ 21 விழுக்காடு படிகத்துக்குள் பிணைந்திருக்கும் நீர்! தீப்பிடித்தால் அந்நீர் ஆவியாகி வெளியேறும்வரை மறுபக்கத்துக்குச் சூடு எளிதில் ஏறாது. தீத்தடுப்புச் சுவர்களில் இப்பலகை இடம்பெறுவதும் அதனால்தான்.

இந்தச் சுவரின் உடம்பைப் பார்த்தால் பெயர் தானே கிடைக்கும். பெரும்பாலும் 600 மி.மீ. இடைவெளியில் நிறுத்திய துத்தநாகம் பூசிய எஃகுச் சட்டங்களான சேனல்கள், இருபுறமும் திருகிய 12.5 மி.மீ. பலகைகள், மூட்டுகளில் நாடா ஒட்டி இழுத்த பூச்சு, அவ்வளவே. விரல் கணுவால் தட்டினால் சேனல் உள்ள இடம் இறுக்கமாகவும், இல்லாத இடம் பொள்ளலாகவும் ஒலிக்கும். சட்டம் கட்டி அதன்மேல் ஓலையோ பாயோ வைத்து மறைப்பதற்குத் 'தட்டி' என்ற பெயர் நம்மிடம் முன்பே இருப்பதால், 'பலகைத்தட்டி' அல்லது 'ஜிப்சத்தட்டி' என்பதே இதற்கு உரிய பெயர்.

'சீலிங்' கதை இன்னும் சுவையானது. பழைய ஆங்கிலப் பயன்பாட்டில் அது மேற்புறத்தை மட்டும் குறிக்கவில்லை. சுவர்களுக்குப் பலகை வேய்வதும் சீலிங்தான். ஆகவே பலகையால் வேய்ந்ததைப் 'பொய்' என்பதே முரண். கான்கிரீட் தளத்துக்கும் தலைக்கும் இடையே கம்பிகளில் தொங்கி, குளிர்காற்றுக் குழாய்களையும் மின்வடங்களையும் மறைக்கும் அது எதற்கும் போலியன்று. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் வரும் 'ஓவிய விதானம்' ஆடரங்கின்மேல் கட்டிய அழகிய மேல்மறைப்பு. விதானம் வடசொல், அதற்கு நேரான தமிழ்ச்சொல் 'மேற்கட்டி'. மேலே கட்டியது என்று வெளிப்படையாகப் பொருள்தரும் இச்சொல்லே ஃபால்ஸ் சீலிங்குக்கு மிகப் பொருந்தும். 600 மி.மீ. சதுரத் தகடுகளைக் கட்டங்களில் பதித்துக் கழற்றக்கூடியதாகச் செய்வதைக் 'கட்ட மேற்கட்டி' எனலாம். ஓசை சற்று இடறினாலும் பொருள் இடறாது.

ஓர் எச்சரிக்கை: செங்கற்சுவரின்மேலேயே பசையிட்டு ஒட்டும் ஜிப்சம் பலகைக்குச் சட்டமில்லை, அதைத் தட்டி என்று எழுதினால், இல்லாத சேனலுக்கும் சேர்த்து ஒப்பந்தப் பட்டியலில் கணக்குப் போட்டுவிடுவார்கள். அதற்குப் 'பலகைப் போர்வை' போதும்.